ஏர் பிளாஸ்டா, வெடியா?

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லைன் வீடுகளின் நிலநடுக்கமானி, பலகையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள்தான். கீழே தொழிலாளர்கள் வெடி வைத்தால் அவை லேசாகக் கிணுகிணுத்து அடங்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெடிக்கு நேரம் உண்டு. ஆட்கள் விலகிய பிறகுதான் வைப்பார்கள். நேரமில்லாத நேரத்தில், தரை ஒரு தரம் தூக்கிப் போட்டாற்போல் குலுங்கி, டம்ளர் உருண்டு விழுந்தால்தான் தெருவே வாசலுக்கு வரும். எந்த ஷாஃப்ட் பக்கம், யார் வீட்டு ஆள் எந்த ஷிப்டில் என்ற கணக்கு மனதுக்குள் ஓடும். “ஏர் பிளாஸ்டா, வெடியா?”

ஏர் பிளாஸ்ட் என்பது தங்கவயலில் வழங்கிய பழைய சொல். பொறியாளர்கள் ராக் பர்ஸ்ட் என்பார்கள். யாரும் வெடி வைக்காமலே ஆழத்துப் பாறை அழுத்தம் தாங்காமல் நொறுங்கிச் சிதறுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தங்கவயலில் இது பதிவாகியிருக்கிறது. பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்திருக்கிறது.

அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு பக்கத்து நாடுகள் சண்டை போடும்போது கேட்க வேண்டிய கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஓர் அதிர்வு வந்தது. அது யாரோ வேண்டுமென்றே வைத்த வெடியா, தானாக நொறுங்கிய ஒன்றா? பதில் சொல்ல எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்த அத்தியாயத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, தங்கவயலின் பாறை நமக்கு இரண்டு விதத்தில் உதவும். ஒரு போர் எப்படி முற்றுகிறது என்பதை அது காட்டும். வந்த அதிர்வு என்ன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் காட்டும்.

ஏணியும் தூணும்

1965-இல் அமெரிக்கப் போர் ஆய்வாளர் ஹெர்மன் கான் ஒரு புத்தகம் எழுதினார். போர் முற்றுவதை அவர் 44 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படியில் வெறும் வாய்ச்சண்டை, உச்சியில் கண்மூடித்தனமான அணு ஆயுதப் போர். அந்தப் படம் இன்றும் செய்தி அறைகளிலும் ராணுவக் கல்லூரிகளிலும் புழங்குகிறது. அதில் ஓர் ஆறுதல் ஒளிந்திருக்கிறது: ஏணியில் ஏறுகிறவர் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்து ஏறுகிறார், வேண்டாம் என்றால் இறங்கிவிடலாம்.

தங்கவயலின் பாறை அப்படி நடந்துகொண்டதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே, சுமார் 3.2 கி.மீ. வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலிருக்கும் பாறையின் பாரத்தைக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 900 கிலோவுக்கு மேல் வருகிறது. கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு காரை நிறுத்துவது போல. பாறை முழுசாக இருக்கும்வரை அது இந்தப் பாரத்தைப் பேசாமல் சுமக்கிறது. தங்கத்துக்காக நடுவில் குடைந்து எடுத்தால் பாரம் எங்கும் போய்விடுவதில்லை. மிச்சம் விட்ட தூண்களுக்கு மாறுகிறது. இன்னும் எடுக்க எடுக்க, இருக்கிற தூண்களின் மேல் இன்னும் ஏறுகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நேற்று போலவே இன்றும் இருக்கும். பிறகு ஒரு நாள், எப்போதும் வைக்கிற அளவுக்கு ஒரு வெடி வைத்ததும், பத்தடி தள்ளி இருக்கும் தூண் வெடித்துச் சிதறும்.

எல்லைச் சண்டையும் இப்படித்தான். கடைசியாக வைத்த வெடியின் அளவைப் பார்த்து ஆபத்தை எடை போட முடியாது. அதற்கு முன் எத்தனை தூண்களைத் தின்றோம் என்பதுதான் கணக்கு.

இந்திய-பாகிஸ்தான் வரலாற்றில் அந்தத் தூண்களை எண்ணிப் பார்க்கலாம். 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. ஒரே ஆண்டில் கார்கில் போர் வந்தது. அதில் இந்திய விமானப்படை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசின் கட்டளை. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு லட்சக்கணக்கான வீரர்கள் பத்து மாதம் எல்லையில் நின்றார்கள். ஆனால் படை தாண்டவில்லை. 2016-இல் உரி தாக்குதலுக்குப் பதிலாக ராணுவம் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போய் அடித்துத் திரும்பியது. 2019-இல் பாலகோட்டில் விமானப்படை பாகிஸ்தானின் உள்பகுதியிலேயே குண்டு போட்டது. மறுநாள் வான்சண்டையில் தமிழரான விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தான் கையில் சிக்கினார். இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டார். 2025 மே 7-இல் ஒன்பது இடங்களில் இந்தியாவின் தாக்குதல். மே 10-இல் ராவல்பிண்டியின் நூர்கான் உட்பட விமானதளங்களே இலக்கு. நூர்கான் தளம் இருக்கும் சக்லாலா பகுதியில்தான் பாகிஸ்தானின் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் ராணுவப் பிரிவின் தலைமையகமும் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பதுதான் கண்ட பாடம். சுரங்கத்தில் தூண் எடுக்கிறவரும் ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இருபது காதுகள்

இனி இரண்டாவது கேள்வி. அதிர்வைக் கேட்டு அது என்ன என்று சொல்வது எப்படி?

தங்கவயலிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், வடமேற்கே கௌரிபிதனூர் இருக்கிறது. 2007-இல் சிக்கபள்ளாபூர் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் கோலார் மாவட்டம்தான். 1965-இல் இந்திய அணுசக்தித் துறையும் பிரிட்டனின் அணுசக்தி ஆணையமும் சேர்ந்து அங்கே ஓர் அதிர்வுமானி வரிசையை அமைத்தன. இருபது கருவிகள், ‘எல்’ எழுத்து வடிவில், பல கிலோமீட்டர் நீளத்துக்கு. ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்முயர், கனடாவின் எல்லோநைஃப், ஆஸ்திரேலியாவின் வாரமுங்கா ஆகியவை அதன் உடன்பிறப்புகள். நோக்கம் ஒன்றுதான்: உலகில் எங்கேயாவது நிலத்தடியில் அணுகுண்டு வெடித்தால் கேட்பது. அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில்தான் சீனா தன் முதல் குண்டை வெடித்திருந்தது.

ஏன் இருபது? இரண்டு காது இருப்பதால்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. இருபது காதுகள் இருந்தால், அலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நொடிப் பின்னங்களை வைத்து திசையையும் தூரத்தையும் கணிக்கலாம். இருபது பதிவுகளையும் சரியான தாமதம் வைத்துக் கூட்டினால், லாரி, காற்று, கிணற்று மோட்டார் போன்ற உள்ளூர் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்; தூரத்து அதிர்வு மட்டும் எழுந்து நிற்கும்.

அந்த அதிர்வு வெடியா, நிலநடுக்கமா? இதற்கு இரண்டு எளிய அடையாளங்கள் உண்டு.

ஒரு பலூனை ஊதிப் பாருங்கள். சுற்றி எந்தப் பக்கத்திலிருந்து தொட்டாலும் அது உங்களை நோக்கித் தள்ளும். நிலத்தடி வெடியும் அப்படித்தான். எல்லாத் திசையிலும் தரையின் முதல் அசைவு வெளிநோக்கித் தள்ளுவதாக இருக்கும். இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திச் சேர்த்து, ஒன்றை முன்னே, மற்றதைப் பின்னே தேயுங்கள். நிலநடுக்கம் இது. பாறையின் இரு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. ஒரு பக்கத்து ஊருக்கு முதல் அசைவு தள்ளலாக வரும், இன்னொரு பக்கத்து ஊருக்கு இழுப்பாக. ராக் பர்ஸ்டிலோ பெரும்பாலும் நழுவலோடு, குடைந்த வெற்றிடத்துக்குள் பாறை உள்நோக்கிச் சரிவதும் கலந்திருக்கும்.

இரண்டாவது அடையாளம் குரலின் தன்மை. குண்டு ஒரு சிறு இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதனால் கூர்மையான, வேகமான அலைகள் அதிகம். தரையோடு உருண்டு வரும் நெடிய அலைகள் குறைவு. நிலநடுக்கம் நீளமான பிளவில் நடப்பதால் நெடிய அலைகளைத் தாராளமாக எழுப்பும். ஒன்று கைதட்டல், மற்றது மேசையை இழுக்கும் சத்தம்.

இந்தக் கலையைப் பழகத் தங்கவயலை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம். நேரம் தெரிந்த வெடிகளும் நேரம் தெரியாத ராக் பர்ஸ்ட்களும் ஒரே இடத்தில், ஒரே பாறையில். பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சுரங்க நிர்வாகத்தோடு சேர்ந்து இங்கே அதிர்வுமானிகளை வைத்து ராக் பர்ஸ்ட்களை ஆராய்ந்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. அணு வெடிப்பைக் கண்டறியும் அறிவியலும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் அறிவியலும் இந்த மாவட்டத்தில் அக்கம்பக்கத்தில் வளர்ந்தன.

பொறுமைக்குப் பதினொரு ஆண்டு, முடிவுக்கு ஐந்து நிமிடம்

1965-இல் தங்கவயலில் இன்னொன்றும் நடந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தது. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரு சில பதிவுகள். அது நியூட்ரினோதானா என்று பார்க்க ஒவ்வொரு பதிவையும் அலசினார்கள். அவசரம் இல்லை. தவறினால் இன்னொரு பதிவு வரும்.

அதிர்வுகளைப் படிப்பதற்கும் அந்தப் பொறுமை தேவை. 1998 மே 11 பொக்ரான் வெடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுசக்தித் துறை அறிவித்த வலிமையை விட மிகக் குறைவாகவே வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் கணித்தார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 2009-இல், அந்தச் சோதனையில் முக்கியப் பங்கு வகித்த டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி கே. சந்தானம், ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்றார். 1998-இல் அணுசக்தித் துறையின் தலைவராக இருந்த, சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் அதை மறுத்தார். இடம் தெரியும், நேரம் தெரியும், வைத்தவர்களும் நம்மவர்களே. அப்படியும் பதினொரு ஆண்டு வாதம். மே 13-இல் வெடித்ததாக இந்தியா அறிவித்த சிறு குண்டுகளையோ, வெளிநாட்டு அதிர்வுமானிகள் கேட்கவே இல்லை.

போரின்போது இந்த ஆடம்பரம் கிடையாது. பலூசிஸ்தானின் சாகாய் பகுதியில் பாகிஸ்தான் வெடித்த குண்டின் அதிர்வு, பாறை வழியாக ஓடி கௌரிபிதனூருக்கு வர நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்னொரு பக்கம், 2003-இல் இந்தியாவின் ஆர். ராஜாராமன், எம்.வி. ரமணா, பாகிஸ்தானின் சியா மியான் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். தாழ்வான பாதையில் 600 கி.மீ. தூரத்துக்கு ஏவப்படும் ஏவுகணை வந்து சேர ஐந்து நிமிடம் அளவே போதும். 2,000 கி.மீ. தூரத்துக்கும் கால் மணி நேரம் ஆகாது. அந்த நேரத்துக்குள் ராடாரில் பார்த்து, சரிபார்த்து, எழுப்ப வேண்டியவரை எழுப்பி, அவர் கேட்டு, யோசித்து, முடிவெடுக்க வேண்டும். நள்ளிரவாக இருந்தால் கண்ணாடியைத் தேடுவதற்கும் அதிலேயே நேரம் ஒதுக்க வேண்டும்.

வருகிற ஏவுகணையின் மூக்கில் என்ன இருக்கிறது என்று எந்த ராடாரும் சொல்லாது. சாதாரணக் குண்டும் அணுகுண்டும் திரையில் ஒரே புள்ளிதான்.

பெயர் இல்லாத அதிர்வுகள்

2022 மார்ச் 9 மாலை இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகப் பறந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. தங்கள் வானில் அது 124 கி.மீ. தூரத்தை 3 நிமிடம் 44 நொடியில் கடந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா இரண்டு நாள் கழித்து அறிவித்தது. விசாரணைக்குப் பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவிநீக்கம் செய்யப்பட்டார்கள். அமைதி நாள் என்பதால் அது செய்தியாக முடிந்தது. அதே புள்ளி 2025 மே 9 இரவு திரையில் தெரிந்திருந்தால்?

அந்த மே மாதம் நமக்கு இன்னொரு பாடத்தையும் தந்தது. மே 10-ஐ ஒட்டிய நாட்களில் பாகிஸ்தானில் 4-ஐ ஒட்டிய அளவில் சில நிலநடுக்கங்கள் பதிவாயின. அந்தப் பகுதியில் அது புதிதல்ல. நிலத்தட்டுகள் மோதும் இடம். ஆனால் சமூக ஊடகங்களில் அவை உடனே ‘ரகசிய அணுச் சோதனை’ ஆயின. பாகிஸ்தானின் கிரானா மலைகளில் இருக்கும் அணு ஆயுதக் கிடங்கை இந்தியா அடித்துவிட்டது, கதிர்வீச்சு கசிகிறது என்ற கதையும் சேர்ந்துகொண்டது. கிரானா மலைகளை அடிக்கவில்லை என்று இந்திய விமானப்படை சொன்னது. பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிவித்தது.

இந்தக் கதைகளை இயற்பியலோடு உரசிப் பார்க்கலாம். முதலில், கிடங்கில் இருக்கும் அணுகுண்டின் மேல் ஏவுகணை விழுந்தால் அது அணுகுண்டாக வெடிக்காது. அணு வெடிப்புக்கு உள்ளிருக்கும் வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில், நொடியின் மிகமிகச் சிறிய பின்னத்துக்குத் துல்லியமாக வெடிக்க வேண்டும். வெளியிலிருந்து விழும் அடி அதைக் கெடுத்துவிடும். கதிரியக்கத் தூசு சிதறலாம். அது காற்று மாதிரிகளில் பிடிபடும். அடுத்து ஆழம். நிலநடுக்கச் செய்திகளில் ‘10 கி.மீ. ஆழம்’ என்று அடிக்கடி வரும். அணுகுண்டுச் சோதனைகள் சில நூறு மீட்டர் ஆழத்தில் நடப்பவை. நூற்றிருபது ஆண்டு பாடுபட்டுத் தோண்டிய தங்கவயலே 3.2 கி.மீ. தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆழம் சரியாகத் தெரியாதபோது ஆய்வு மையங்கள் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், முதல் அசைவையும் நெடிய அலைகளையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கச் சில மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப்புக்குச் சில நொடிதான்.

வதந்தியை நம்பிக் குண்டு போடுவார்களா என்று கேட்கலாம். நேரடியாகப் போட மாட்டார்கள். ஆனால் தூணின் மேல் பாரம் ஏறுவது இப்படித்தான். அதே மே 10 காலை, பாகிஸ்தானின் அணு ஆயுத முடிவுகளை எடுக்கும் தேசியக் கட்டளை ஆணையம் கூடப் போவதாகச் செய்தி வந்தது. பிறகு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அதை மறுத்தார். முதலில் பயன்படுத்த மாட்டோம், அடித்தால் பேரளவில் திருப்பி அடிப்போம் என்பது 2003 முதல் இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. 2011-இல் அது 60 கி.மீ. மட்டுமே போகும் நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தது. போர்க்களத்திலேயே அணுகுண்டைப் பயன்படுத்துவோம் என்ற மிரட்டல் அது. ஒருவர் ‘சிறிய’ குண்டு என்று நினைப்பதை மற்றவர் ‘முதல்’ குண்டு என்று படிப்பார். ஒரே அதிர்வு, இரண்டு பெயர். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் சுமார் 180 அணு ஆயுதங்கள், பாகிஸ்தானிடம் சுமார் 170. இரு நாடுகளும் அணு ஆயுதப் போரில் இறங்கினால் 5 கோடி முதல் 12.5 கோடிப் பேர் வரை உடனடியாக இறக்கலாம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. புகை வானத்தை மூடி உலக மழையே 15 முதல் 30 சதவீதம் குறையலாம் என்றும் அது சொன்னது.

கருங்கல் அடுக்கு

தங்கவயல் பொறியாளர்கள் ராக் பர்ஸ்டை ஒழிக்கவில்லை. அவர்கள் கற்றுக்கொண்டது இரண்டு. எந்த வரிசையில் எடுத்தால் பாரம் ஒரே தூணில் குவியாது என்பது ஒன்று. எடுத்த வெற்றிடத்தைச் சும்மா விடாமல் நிரப்ப வேண்டும் என்பது இன்னொன்று. கருங்கல்லைச் சுவராக அடுக்கினார்கள். மேல்பாறை இறங்கும்போது அந்த அடுக்கு அமுங்கிக்கொடுத்து, பாரத்தை மெல்ல வாங்கிக்கொள்ளும்.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் அப்படிச் சில அடுக்குகள் உண்டு. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-இல் கையெழுத்தானது. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பிறகும் நின்றதில்லை. 2025 மே மோதலுக்குப் பிறகு வந்த 2026 புத்தாண்டு அன்றும் கைமாறியது. ராணுவ நடவடிக்கைத் தலைமை அதிகாரிகள் இருவருக்கும் இடையே நேரடித் தொலைபேசி இருக்கிறது. மே 10 பிற்பகல் 3.35-க்கு அதில் வந்த அழைப்புதான் மாலை 5 மணிக்குத் துப்பாக்கிகளை நிறுத்தியது. 2005-இல், பாலிஸ்டிக் ஏவுகணைகளைச் சோதிக்கும் முன் சொல்லிக்கொள்வது என்ற ஒப்பந்தம் வந்தது.

ஆனால் ஒன்று விடுபட்டுப் போனது. அந்த 2005 ஒப்பந்தத்தில் க்ரூஸ் ஏவுகணைகள் சேர்க்கப்படவில்லை. மியான் சன்னுவில் விழுந்தது க்ரூஸ் ஏவுகணை.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. கீழே தண்ணீர் ஏறிவிட்டது. மூடிய பிறகும் அங்கே அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆள் போனாலும் பாறையின் கணக்கு முடிவதில்லை. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். கருங்கல்லை எப்போது அடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். பாறை அமைதியாக இருக்கும்போதுதான். குலுங்கத் தொடங்கிய பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக யாராலும் முடியாது. க்ரூஸ் ஏவுகணைக்கான அந்த இடம் இன்னும் கல் வைக்காமல்தான் கிடக்கிறது.